தந்திக் கம்பியின் மறுபிறப்பு



மதுரையில் வெண்கலக்கடைத் தெரு என்று ஒரு தெரு உண்டு. வீட்டில் திருமணம் நிச்சயமானால் என் தாயார் ஓட்டை விழுந்த அண்டா, நெளிந்த தவலை, கைப்பிடி போன கரண்டி ஆகியவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு அத்தெருவுக்குப் புறப்படுவார். சாக்கைத் தூக்கி வருவது என் வேலை. கடைக்காரர் பழையதை நிறுப்பார். அழுக்குக்கும் சேதாரத்துக்கும் சிறிது கழிப்பார். எஞ்சிய எடைக்குப் புதுப் பாத்திரம் கொடுத்துக் கூலியை மட்டும் காசாகப் பெற்றுக்கொள்வார். என் பாட்டியார் தண்ணீர் சுமந்த குடம் இன்று யார் வீட்டில் எந்தச் சொம்பாக இருக்கின்றதோ, யார் அறிவார்! ஆனால் அது எங்கோ இருக்கின்றது, குப்பைமேட்டில் இல்லை. அதுவே இங்குக் கருதத்தக்கது.

இந்தப் பழைய வழக்கத்தை ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் எவ்வாறு கையாளுகின்றது, கையாளத் தவறினால் யாது நேர்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தொலைபேசி என்றவுடன் நமக்குக் குரல் நினைவுக்கு வருகின்றது. குரலுக்கு எடை இல்லை. ஆதலால் தொலைபேசிக்கும் எடை இல்லை என்று எண்ணிவிடுகின்றோம். உண்மை வேறு. நம் நாட்டில் 1850களில் ஓஷாநெஸ்ஸி என்னும் மருத்துவர் கல்கத்தாவிலிருந்து முதல் தந்தி வழியை அமைத்தபோது, மூங்கிற் கம்பங்களின்மேல் தடித்த இரும்புக் கம்பியையே இழுத்தார். அன்று தொடங்கி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் இரவு பொதுத் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது வரையில், இந்தத் துறை நாடெங்கும் நட்ட இரும்புக் கம்பங்களும், கட்டிய கம்பிகளும், புதைத்த வடங்களும் எத்தனை! சேவை ஒரே இரவில் நிற்கலாம். பொருள் ஒரே இரவில் மறைவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கணித ஆசிரியனாகவும் இருந்தவன் ஆகையால் இந்த ஆசையை என்னால் அடக்க இயலவில்லை. தெருவடியில் புதைக்கப்படும் தொலைபேசி வடத்தில் நூறு இணைகள் இருப்பதாகக் கொள்வோம். இணை ஒன்றுக்கு இரண்டு கம்பிகள், ஆக இருநூறு. ஒவ்வொரு கம்பியின் விட்டமும் அரை மில்லிமீட்டர். வடத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர். செம்பின் அடர்த்தியை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். கன மீட்டருக்கு 8,960 கிலோகிராம். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 350 கிலோகிராம் செம்பு வரும்! இது ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. நகரத்தின் பெரிய தெருக்களில் ஓடும் வடங்களில் நூறு இணைகள் அல்ல, பல நூறு இணைகள் உண்டு.

இந்தச் செம்பைப் பூமியிலிருந்து புதிதாக எடுக்க வேண்டுமாயின் எவ்வளவு பாறையை உடைக்க வேண்டும்? உலகச் சுரங்கங்களில் இன்று கிடைக்கும் தாதுவில் செம்பின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு. ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும், 350 கிலோகிராமுக்கு 35 டன் தாதுவை வெட்டி அரைத்தாக வேண்டும். பிறகு உருக்க வேண்டும். உருக்கும்போது எழும் கந்தகப் புகையை அடக்க வேண்டும். ஏற்கெனவே கம்பியாக இருந்த செம்பை மீண்டும் உருக்குவதற்கோ அந்த உழைப்பிலும் எரிபொருளிலும் சிறு பங்கே போதும். மேலும் செம்பு எத்தனை முறை உருக்கினாலும் தன் இயல்பு குன்றாத உலோகம். காகிதம் அப்படியன்று, ஒவ்வொரு முறையும் அதன் நார் குறுகிக்கொண்டே வரும்.

செம்பு உருக்கும் தொழிலின் சுமை எத்தகையது என்பதை நம் தென்பாண்டி நாட்டார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தூத்துக்குடியில் தாமிர உருக்காலையை எதிர்த்து மக்கள் போராடியதும், 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதும், அந்த மாத இறுதியில் ஆலையை மூட அரசு ஆணையிட்டதும் அண்மைக்கால வரலாறு. அதன்பின் நம் நாடு சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்வதினும் மிகுதியாக இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது. ஆலை வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கில் நான் புகவில்லை. நம் காலடியில், தெருவுக்கு அடியில், யாரும் தீண்டாத ஒரு செப்புச் சுரங்கம் கிடக்கின்றது என்பதை மட்டும் கருதிப் பார்க்க வேண்டுகின்றேன்.

இனி, என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கின்றது. எனினும் சொல்லாமல் விடுதல் முறையன்று.

1990களின் தொடக்கத்தில் மதுரைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்தேன். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளம் தோண்டியவர்கள் வெட்டுண்ட வடத் துண்டுகளை ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் பளபளக்கும் செப்புக் கம்பிக் கற்றையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அன்றைக்கு மின்கடத்தல் பாடம். அவன் கம்பியைக் கொண்டே சோதனையைச் செய்துகாட்டினேன். வகுப்பின் முன் அவனை நிறுத்தி, “பொருளின் அருமை தெரிந்த பிள்ளை இவன்” என்று பாராட்டினேன். கம்பி எவ்வாறு இவ்வளவு தூய்மையாக வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அவன் விரல் நகங்களில் படிந்திருந்த கரியைப் பார்த்தும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கண்மாய்க் கரைப் பக்கம் நடந்து சென்றபோதுதான் கண்டேன். நான்கைந்து சிறுவர்கள் வடத் துண்டுகளைக் குவித்துத் தீ மூட்டி, அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கரும்புகை எழுந்து அவர்கள் முகத்திலேயே கவிந்தது. உறை எரிந்து போனதும் கம்பியை இழுத்து மணலில் தேய்த்தார்கள். காயலான் கடையில் எடைக்குக் காசு. நடுவில் இருந்தவன் நான் பாராட்டிய பையன். என்னைக் கண்டதும் எழுந்து, “ஐயா, உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்” என்றான். அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினான்.

வடத்தின் உறை பலவகை. நிலத்தடி வடங்களில் பெரும்பாலும் பாலித்தீன் உறை இருக்கும்; கம்பிகளுக்கிடையே நீர் புகாதிருக்கக் களிம்பு போன்ற ஒரு நெய்ப்பொருளும் நிரப்பப்பட்டிருக்கும். அது எண்ணெய் விளக்குப்போல் எரிந்து கரியைக் கக்கும். வீட்டுக்குள் வரும் கம்பிகளிலும் மின்கம்பிகளிலும் பி.வி.சி. உறை உண்டு. பி.வி.சி.யில் குளோரின் இருக்கின்றது. அதைத் திறந்தவெளியில் குறைந்த வெப்பத்தில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வளியும், டயாக்சின் எனப்படும் கொடிய நச்சுப் பொருள்களும் தோன்றும். டயாக்சின் எளிதில் அழியாது, மண்ணில் தங்கும், மேயும் ஆட்டுக்குள் புகும், பாலின் வழியே மனிதரை அடையும். எரிக்கும்போது செம்பே அந்த நச்சு உருவாவதற்கு ஊக்கியாகவும் நின்று உதவுகின்றது என்று வேதியியலார் கண்டிருக்கின்றனர். இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆயினும் இருமல் எனக்குக் கேட்டது; அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை.

முறையான ஆலையில் வடத்தை எரிப்பதில்லை. பொறியிலிட்டு உறையைக் கீறி உரிப்பார்கள். அல்லது சிறு துகள்களாக வெட்டி, எடை வேறுபாட்டைக் கொண்டு செம்பையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பார்கள். நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பிரிந்து வரும் பாலித்தீனுக்கும் பயன் உண்டு. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலையிடும் முறையைக் கண்டார் என்பதை மதுரை மாணவர்கள் அறிவார்கள். சூடாக்கிய கருங்கல் சல்லியின்மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் தார் நன்றாகப் பற்றும். 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இம்முறைக்கும் பாலித்தீன் போன்றவையே ஏற்றவை, பி.வி.சி. ஆகாது. ஆகவே எந்தப் பொருள் எது என்று பிரித்தறிவதே மறுசுழற்சியின் முதற் பாடம். கலந்து கிடப்பது குப்பை. பிரித்து வைத்தது சரக்கு.

செம்பைவிட எனக்கு அச்சம் தருவது காரீயம். மாணவர்கள் இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். மின்சாரம் போன பிறகும் பழைய கம்பித் தொலைபேசி பேசியது ஏன் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நிலையத்தில் பெரிய மின்கல அடுக்கு ஒன்று எப்போதும் காத்திருந்தது. இரண்டு வோல்ட்டு மின்கலங்கள் இருபத்து நான்கு; ஆக நாற்பத்தெட்டு வோல்ட்டு. உள்ளே காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கும். ஒரு முறை மாணவர்களை ஒரு தொலைபேசி நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, இணைப்புப் பொறிகள் கடகடவென்று ஒலித்த பெரிய கூடத்தைவிட, அமில நெடி வீசிய அந்த மின்கல அறையே என் நினைவில் நின்றது. கைப்பேசிக் கோபுரங்கள் வந்தபின் இத்தகைய அடுக்குகள் ஊருக்கு ஊர் பரவின. மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் வயல் நடுவே நிற்கும் கோபுரங்களின் அடியில் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மின்கல அடுக்கு அதற்குள் இருக்கும். இப்போது லித்தியம் மின்கலங்களும் இடம்பெற்று வருகின்றன.

மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்ததில் உள்ள காரீயத்தை ஏறக்குறைய முழுவதும் மீட்டுப் புதிய மின்கலம் செய்யலாம். உலோகங்களுள் இவ்வளவு நன்றாகத் திரும்பி வருவது வேறொன்று உண்டோ என்று கேட்கத் தோன்றும். ஆனால், வீட்டுக் கொல்லையில் மின்கலத்தை உடைத்து, அமிலத்தை வாய்க்காலில் ஊற்றி, தகட்டை அடுப்பில் உருக்குவோரும் உளர். அந்தப் புகையும் தூசும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். இவ்வளவு காரீயம் உடலில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக நல நிறுவனத்தின் முடிவு. இது பற்றியே நம் அரசு 2001ஆம் ஆண்டில் மின்கலங்களுக்கென விதிகள் வகுத்தது. 2022ஆம் ஆண்டில் அவற்றை மாற்றி விரிவாக்கியது.

இனி ஒரு கேள்வி. பொருள் யாருடையது?

என் இளமையில் தொலைபேசிக் கருவி வீட்டுக்காரருடையதன்று. அது துறையின் உடைமை. பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் செய்த கனத்த கருங்கருவியை லைன்மேன் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போவார். பழுதானால் அவரே வருவார். வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கரித்துகள் அடைத்த சிறு டப்பியை மாற்றுவார். கயிறு நைந்திருந்தால் கயிற்றை மாற்றுவார். இணைப்பை விட்டுவிட்டால் கருவி துறைக்கே திரும்பும். துடைத்துச் செப்பனிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகும். அதன் உடல் பேக்கலைட்டு என்னும் பொருளால் ஆனது. பேக்கலைட்டு ஒரு முறை இறுகிவிட்டால் மீண்டும் இளகாது. உருக்கி வேறொன்று செய்ய முடியாது. ஆகையால் அதை உடையாமல் பல்லாண்டு உழைக்கச் செய்வதே ஒரே வழியாக இருந்தது. மறுசுழற்சிக்கு உதவாத பொருள், மறுபயன்பாட்டால் குப்பைக்குப் போகாமல் தப்பியது!

அமெரிக்காவில் பெல் அமைப்பு இதை இன்னும் பெரிய அளவில் செய்தது. அங்கும் கருவி நிறுவனத்துக்கே சொந்தம். அதன் உற்பத்திப் பிரிவான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், நியூயார்க்கு நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த நசாவு என்னும் உருக்காலையை 1931ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. கழற்றிய வடங்களும் பழைய பொறிகளும் அங்கே சென்று செம்பாகித் திரும்பின. அவர்கள் தர்மத்துக்காக அதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கருவி பழுதானால் செலவு தம்முடையது; கம்பியின் செம்பும் தம்முடையது. உடைமை இருந்த இடத்தில் பொறுப்பும் இருந்தது, அவ்வளவே.

1980களில் நம் நாட்டில் தனியாரும் தொலைபேசிக் கருவி செய்யலாம் என்ற நிலை வந்தது. பின்னர்க் கைப்பேசி வந்தது. கருவி நம் உடைமையாயிற்று. விரும்பிய வண்ணம், விரும்பிய வடிவம்! நல்லதே. ஆயினும் உடைமை நம்மிடம் வந்தபோது குப்பையும் நம்மிடம் வந்தது. அதை என்ன செய்வதென்ற அறிவு மட்டும் உடன் வரவில்லை. ஐக்கிய நாடுகள் சார்பில் 2024ஆம் ஆண்டு வெளியான உலக மின்னணுக் கழிவு அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் தோன்றிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் கூறுகின்றது. அந்த அறிக்கையைத் தயாரித்தோருள் ஒருவர் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் என்பது சிந்திக்கத்தக்கது. 1865இல் தந்திக்காகத் தோன்றிய அமைப்பு இன்று தந்தியின் வழித்தோன்றல்கள் விட்டுச்செல்லும் குப்பையை எண்ணிக்கொண்டிருக்கின்றது.

இப்போது நம் நாட்டுச் சட்டம், அறுந்துபோன அந்தப் பொறுப்பை மீண்டும் முடிச்சுப்போட முயல்கின்றது. மின்னணுக் கழிவு விதிகள் 2011இல் வகுக்கப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. இருமுறை மாற்றப்பட்டு, இன்றுள்ள விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடக்கின்றன. கருவியைச் செய்து விற்றவரே அதன் இறுதிக் காலத்துக்கும் பொறுப்பாவார் என்பது இவற்றின் உயிர்நிலை. தொலைபேசி நிறுவனம் போலப் பெருமளவில் கருவிகளைப் பயன்படுத்துவோர், கழித்தவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிறந்த பி.எஸ்.என்.எல். நிறுவனம், தன் பழைய வடம், மின்கலம், கம்பம் ஆகியவற்றை எம்.எஸ்.டி.சி. என்னும் மற்றோர் அரசு நிறுவனத்தின் வழியாக மின்னணு ஏலத்தில் விற்று வருகின்றது. ஏலம் கூவிய காலம் போய்க் கணினியில் விலை கேட்கும் காலம் வந்துள்ளது. வாங்குவோர் தகுதி பெற்றவரா என்று பார்ப்பதில்தான் இதன் வெற்றி இருக்கின்றது. மிகுந்த விலை கொடுப்பவர் எப்போதும் நன்றாக உருக்குபவராக இருப்பதில்லை.

குறைத்தலைப் பற்றியும் சில சொற்கள். செம்பு வடத்துக்குப் பதிலாக இன்று ஒளியிழை வருகின்றது. மீண்டும் கணக்கு! இழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியின் எடை ஏறத்தாழ 27 கிராம். 350 கிலோகிராம் எங்கே, 27 கிராம் எங்கே! நூறு குடும்பங்களின் பேச்சையும் அதற்கு மேலும் அந்த ஒற்றை இழை தாங்கும். திருடனுக்கும் அதில் ஆசை இல்லை. கண்மாய்க் கரையில் அதை எரிப்பாரும் இல்லை. ஆயினும் முழு நன்மை என்று கொள்ளற்க. ஒளியிழைக்குக் காப்புறை பல சுற்று வேண்டும். பழையதாகிவிட்டால் அதிலிருந்து மீட்க ஒன்றும் இல்லை. பழைய கம்பி தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. இன்றோ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பெட்டி இரவும் பகலும் மின்சாரத்தை உண்டுகொண்டிருக்கின்றது. சில ஆண்டுகளில் அதுவும் கழிவாகின்றது. அந்தப் பெட்டியைப் பல நிறுவனங்கள் இரவலாகவே தருகின்றன. என் இளமைக் காலத்துக் கருங்கருவியின் முறை வேறு உருவில் திரும்பியிருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

ஜப்பானியர் செய்ததை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச்சு வரை ஈராண்டுகள் அந்நாட்டு மக்கள் பழைய கைப்பேசி, கணினி முதலியவற்றைக் கொடுத்தார்கள். என்.டி.டி. டோகோமோ என்னும் தொலைபேசி நிறுவனம் தன் கடைகளிலேயே கைப்பேசிகளைப் பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ 62 இலட்சம் கைப்பேசிகள் உட்பட 78,985 டன் சிறு கருவிகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து கிடைத்தவை 32 கிலோகிராம் தங்கம், 3,500 கிலோகிராம் வெள்ளி, 2,200 கிலோகிராம் வெண்கலப் பொருள். டோக்கியோ ஒலிம்பிக்குப் பதக்கங்கள் அனைத்தும் அவற்றால் ஆயின. நம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து பெற்ற பொற்பதக்கத்திலும் யாரோ ஒரு ஜப்பானியப் பாட்டியின் பழைய கைப்பேசி இருக்கின்றது! மக்கள் கொடுத்ததற்குக் காரணம் பதக்கம் மட்டுமன்று. கொடுக்க வேண்டிய இடம் தெருமுனையில் இருந்தது. கொடுத்தது எங்கே போயிற்று என்பதும் எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

சென்ற மாதம் என் மேசை அறையைத் துப்புரவு செய்தேன். மூன்று கைப்பேசிகள் கிடைத்தன; ஒன்றில் பொத்தான்கள் தேய்ந்து எண்களே தெரியவில்லை. பேரனை அழைத்துக்கொண்டு, பழைய கருவிகளைப் பெற்றுக்கொள்வதாக அறிவிப்பு வைத்திருந்த கடைக்குச் சென்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மூன்றையும் வாங்கி ஓர் அட்டைப் பெட்டிக்குள் போட்டார். “தம்பி, இதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்றேன். அவர் விழித்தார். “பழசுக்கு எதுக்கு ஐயா சீட்டு?” என்று கேட்டார். வெண்கலக்கடைத் தெருவில் ஓட்டை அண்டாவுக்கும் எடை எழுதிக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். அவர் உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவந்து, ஒரு தாளில் கருவிகளின் எண்ணிக்கையும், அவற்றை எடுத்துச் செல்லும் மறுசுழற்சி ஆலையின் பெயரும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பேரன் அதைத் தன் பாடநூலுக்குள் வைத்திருக்கின்றான்.